மரபின் இருட்டைச் சிறுகதையில் எழுதுவது: எங்கள் வாசிப்பு வட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முழுநிலாப் போயா விடுமுறை நாட்களில் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீட்டின் முன்னறையில் கூடிச் சிறுகதை வாசிக்கிறோம். எழுதிக்கொண்டு வருபவர்களின் கதைகளையும் எடுத்துப் பேசுகிறோம். சாதி, சீதனம், துடக்கு, கைம்மை என்று வழக்கத்தின் பெயரால் நடக்கிறவற்றைப் பற்றிய கதைகளை எடுக்கும்போதெல்லாம் புதிதாக வருபவர்கள் ஒரே மாதிரியான கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கு நான் வழக்கமாகச் சொல்லும் பதில்கள் இங்கே இருக்கின்றன. வட்டத்தில் எல்லோரும் இவற்றை ஒத்துக்கொள்வதில்லை.

மரபின் இருண்ட பக்கம் என்றால் மூடநம்பிக்கையைச் சாடும் கதையா?

அது வேறு. மூடநம்பிக்கையைச் சாடும் கதையில் எழுத்தாளருக்கு உண்மை தெரியும், பாத்திரத்துக்குத் தெரியாது. வாசகர் எழுத்தாளரோடு சேர்ந்துகொண்டு சிரிக்கலாம். நான் சொல்லும் கதையில் அந்த வசதி இல்லை. அங்கே ஒரு வழக்கம் ஒருவரைக் காவு கொள்கிறது. அதை நடத்திவைப்பவர்கள் நல்லவர்கள், அயலுக்கு உதவுகிறவர்கள், பிள்ளைகள்மேல் உயிரையே வைத்திருப்பவர்கள். தாலிக்குப் பொன் உருக்கும் பொன்னுருக்கல் சடங்குக்கு வந்த கைம்பெண் தங்கையின் காதருகே குனிந்து, "நீ உள்ளுக்கை போய் இரன், பிறகு கூப்பிடுறன்" என்று சொல்லும் அக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். தங்கையின் மனம் நோகக்கூடாதென்றுதான் குரலைத் தாழ்த்துகிறாள். அந்தத் தாழ்ந்த குரலை எழுதத் தெரிந்தவருக்குக் கதை கிடைத்துவிடும். அக்காவை அரக்கியாக்கிவிட்டால், வாசிக்கும் ஒவ்வோர் அக்காவும் "நான் அப்படியில்லை" என்று பக்கத்தைப் புரட்டிவிடுவாள்.

ஏன் எப்போதும் ஓர் அமெரிக்கக் கதையில் தொடங்குகிறீர்கள்? நம்மிடம் இல்லையா?

நம்மிடம் நிறையவே இருக்கின்றன, அடுத்த கேள்வியில் வருகிறேன். ஷேர்லி ஜாக்சனின் 'த லாட்டரி' கதையை முதலில் எடுப்பதற்குக் காரணம், அதில் வரும் சடங்கு எங்களில் யாருடையதும் இல்லை என்பதுதான். யாரும் தன் ஊரையோ குடும்பத்தையோ காப்பாற்ற எழும்பி நிற்க வேண்டியதில்லை. பதற்றமில்லாமல் கதை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்கலாம்.

1948 ஜூன் 26 திகதியிட்ட 'நியூயோர்க்கர்' இதழில் அது வெளிவந்தது. முந்நூறு பேரளவில் வாழும் ஒரு கிராமம். ஜூன் 27ஆம் திகதி காலை, நல்ல வெயில். சனங்கள் சதுக்கத்தில் கூடுகிறார்கள். ஆண்கள் மழையையும் உழவு இயந்திரத்தையும் வரியையும் பற்றிக் கதைக்கிறார்கள், பெண்கள் ஊர்ப் புதினம் பரிமாறுகிறார்கள். ஒரு பழைய கறுப்புப் பெட்டியிலிருந்து குடும்பத் தலைவர்கள் ஒவ்வொருவராகச் சீட்டெடுக்கிறார்கள். புள்ளியிட்ட சீட்டு ஹட்சின்சன் குடும்பத்துக்கு விழுகிறது. பிறகு அந்தக் குடும்பத்துக்குள் இன்னொரு சீட்டு, அது டெஸி என்ற தாய்க்கு. ஊர் அவளைக் கல்லால் எறிந்து கொல்கிறது. அவ்வளவுதான் கதை.

எங்கள் வட்டத்தில் நாங்கள் அதிக நேரம் நிற்பது மூன்று இடங்களில். டெஸி கோப்பை கழுவிக்கொண்டிருந்ததால் பிந்தி வந்து, பகிடி விட்டபடி கூட்டத்துக்குள் நுழைகிறாள். அப்போது அவளோடு சிரித்துக் கதைத்த டெலக்ரோ என்ற பெண்தான், கடைசியில் இரண்டு கையாலும் தூக்கவேண்டிய பெரிய கல்லைத் தெரிந்தெடுக்கிறாள். அவளுக்கு டெஸிமேல் ஒரு கோபமும் இல்லை. அடுத்தது, சடங்கின் பாதியை ஊர் ஏற்கெனவே மறந்துவிட்டது: ஓதவேண்டியது மறந்துபோயிற்று, முதற்பெட்டி தொலைந்துபோயிற்று, கல்லை மட்டும் மறக்கவில்லை. நம் வீட்டுச் சடங்குகளில் எது சுருங்கிப்போயிற்று, எது சுருங்கவில்லை என்று ஒருதரம் பட்டியல் போட்டுப் பாருங்கள், இந்த இடத்தின் கூர்மை விளங்கும். மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. டெஸி கடைசிவரை "இது கொடுமை, நிறுத்துங்கள்" என்று சொல்வதில்லை. சீட்டெடுத்த முறை நியாயமில்லை என்றுதான் கத்துகிறாள். கல்யாணம் செய்து போன மகளும் சேர்ந்து சீட்டெடுக்கட்டும் என்றுகூடக் கேட்கிறாள். வழக்கம் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதைக் காட்ட ஜாக்சனுக்கு ஒரு விளக்க வரியும் தேவைப்படவில்லை.

சரி, தமிழில் எதை வாசிக்க வேண்டும்?

ஒரு பட்டியல் தந்தால் அது தேர்வுப் பாடம் மாதிரி ஆகிவிடும். நான் திரும்பத் திரும்ப எடுப்பவற்றை மட்டும் சொல்கிறேன்.

புதுமைப்பித்தனின் 'சாபவிமோசனம்', 1943. இராமனின் பாதத்தூளியால் கல்லாயிருந்த அகலிகை பெண்ணானாள் என்பது எல்லோருக்கும் தெரியும். இவர் அதற்குப் பிறகு தொடங்குகிறார். மனிதர்களின் பார்வை அகலிகையை விடுவதில்லை. கோதமனும் தன் மனத்தோடு போராடுகிறான். இராமனே சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் என்று கேட்டதும் அகலிகை மறுபடி கல்லாகிறாள். மரபை வெளியே நின்று திட்டாமல், மரபின் கதையையே எடுத்து அதன் தர்க்கத்தை இன்னும் ஓர் அடி நடக்கவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. அவருடைய 'பொன்னகரம்' இதைவிடப் புகழ்பெற்றது. ஆனால் அதன் முடிவில் ஆசிரியரே மேடையேறி, கற்பைப் பற்றிக் கதைக்கும் வாசகரைப் பார்த்துக் கேட்டுவிடுகிறார். அந்தத் துணிச்சல் அவருக்குப் பொருந்திற்று. பின்னால் வந்த எங்களில் பலர் அவரிடமிருந்து அந்தக் கடைசி வரியை மட்டும் கற்றுக்கொண்டோம், அதுதான் கவலை.

நம் நாட்டில் என்.கே. ரகுநாதனின் 'நிலவிலே பேசுவோம்'. தன்னைத் தேடிவந்த ஒடுக்கப்பட்ட சாதியினரை வீட்டுக்குள் கூப்பிட மனமில்லாத பெரிய மனிதர், வெளியே நிலவு அழகாயிருக்கிறது, அங்கே போய்ப் பேசலாம் என்கிறார். சாதி வெறுப்பு முழுவதும் ஓர் இரசனையான வாக்கியத்துக்குள் ஒளிந்துகொள்கிறது. எத்தனை தரம் வாசித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. டொமினிக் ஜீவாவை வேறொரு காரணத்துக்காக வாசிக்கச் சொல்வேன். யாழ்ப்பாணத்தில் முடிதிருத்தும் கடையில் தொழில் செய்தபடி எழுதியவர். 'தண்ணீரும் கண்ணீரும்' தொகுதிக்குச் சாகித்தியப் பரிசு பெற்றவர், 1966இல் 'மல்லிகை' இதழைத் தொடங்கி, பின்னாளில் அதைக் கொழும்புக்குக் கொண்டுவந்தவர். கீழேயிருந்து பார்க்கும்போது மரபு எப்படித் தெரியும் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டியதாய் இருக்கவில்லை.

ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' 1966இல் ஆனந்த விகடனில் வந்தது. காரில் ஏற்றிச் சென்றவனால் கெடுக்கப்பட்டு மழையில் வீடு திரும்பும் மகளின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றி, இதோடு போயிற்று என்கிறாள். வாசகர்கள் கொதித்தார்கள். பிறகு அவர், அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால் மகளின் வாழ்வு என்னவாகியிருக்கும் என்று ஒரு நாவலே எழுதினார்: 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. கதையையும் நாவலையும் அடுத்தடுத்து வாசித்தால், மரபு தண்டிக்கிற இடம் நீதிமன்றமோ கோயிலோ இல்லை, அம்மாவின் வாய்தான் என்பது பிடிபடும்.

கொழும்பில் இதெல்லாம் எங்கே இருக்கிறது? ஊரிலேதானே?

எனக்குக் கொடுக்கப்படும் கையெழுத்துப் பிரதிகளில் பாதிக்கு மேல் "அந்தக் காலத்தில் எங்கள் ஊரில்" என்று தொடங்குகின்றன. சாதி என்றால் கிணற்றடி, சிரட்டையில் தேத்தண்ணி, 1968இல் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு மறிக்கப்பட்ட மாவிட்டபுரம் கோயில் வாசல். அவையெல்லாம் நடந்தவை, எழுதப்படவேண்டியவை. ஆனால் எழுதுகிறவர் கொழும்புக் காலி வீதியில் ஏழாம் மாடியில் குடியிருக்கிறார், அந்த மாடியைப் பற்றி ஒரு வரி இல்லை.

எங்கள் வட்டத்தில் ஓர் இளைஞர் எழுதிய கதையைச் சொல்கிறேன். வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறான் ஒருவன். வீட்டுக்கார அம்மா கதவைத் திறந்து, இருக்கச் சொல்லி, பிளேன்ரீயும் மாரி பிஸ்கட்டும் கொண்டுவந்து வைக்கிறார். "தம்பி ஊரிலை எவடம்?" சொல்கிறான். "ஓ, எனக்கு அங்கை ஆக்கள் இருக்கினம். எந்தக் கோயிலடி?" அதையும் சொல்கிறான். "அம்மான்ரை ஆக்களும் உவடந்தானோ?" அவன் பதில் சொல்லி முடிக்கிறான். அவர் பிஸ்கட் தட்டைக் கொஞ்சம் அவன் பக்கமாகத் தள்ளி, "சாப்பிடுங்கோ" என்கிறார். பிறகு, "இவரோடை ஒருக்காக் கதைச்சிட்டுச் சொல்லுறன் தம்பி." அடுத்த நாள் தொலைபேசியில், வீடு ஏற்கெனவே பேசியாயிற்றாம். சாதி என்ற சொல் கதையில் ஓரிடத்திலும் இல்லை. முதல் வரைவில், அவன் லிஃப்டில் இறங்கும்போது தன் பாட்டன் பட்ட அவமானங்களை நினைத்துப் பார்க்கும் ஒரு நீண்ட பந்தி இருந்தது. அதை வெட்டச் சொன்னோம், வெட்டினார், கதை நிமிர்ந்தது. வீட்டுக்கார அம்மா பிஸ்கட் தட்டைத் தள்ளும் அசைவை மட்டும் தொடவேண்டாம் என்று எல்லோரும் ஒருமனதாகச் சொன்னோம்.

கொழும்பில் வழக்கம் சத்தம் போடுவதில்லை, கேள்வி கேட்கிறது. கல்யாணப் புரோக்கரின் கொப்பியில் சாதிக்கு 'பகுதி' என்று ஒரு நிரல் இருக்கும். மலையகத்திலிருந்து வீட்டு வேலைக்கு வந்த பிள்ளைக்குக் குசினி யன்னலில் தனியாக ஒரு பிளாஸ்ரிக் கோப்பை கவிழ்த்திருக்கும். அந்த வீட்டார் அவளுடைய தம்பியின் படிப்புச் செலவைப் பார்ப்பார்கள், தீபாவளிக்கு நல்ல சட்டை எடுப்பார்கள், கோப்பை மட்டும் யன்னலைவிட்டு உள்ளே வராது. சாமத்தியச் சடங்குக்கு மண்டபம் எடுத்து, ட்ரோன் கமரா பறக்கவிட்டு, அல்பம் அச்சடிக்கிறார்கள். வகுப்புத் தோழர்கள் எல்லோரும் பார்க்க மேடையில் நிற்க விருப்பமா என்று அந்தப் பிள்ளையிடம் கேட்ட வீட்டை நான் இன்னும் கேள்விப்படவில்லை.

சட்டம் வந்துவிட்ட விடயத்தைப் பற்றி இனியும் கதை எழுத வேண்டுமா?

1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் சாதியைக் காரணம் காட்டிக் கோயிலிலும் கடையிலும் தடுப்பதைக் குற்றமாக்கிற்று. மாவிட்டபுரத்தில் வாசல் மறிக்கப்பட்டது அதற்குப் பதினொரு ஆண்டுகளுக்குப் பிறகு. சட்டம் வாசலில் நிற்பவரைப் பிடிக்கும். பிஸ்கட் தட்டைத் தள்ளுபவரை எந்தப் பிரிவின் கீழ் பிடிப்பது?

சீதனக் கதைகள் சலித்துவிட்டன. புதிதாக என்ன எழுத இருக்கிறது?

சலித்ததற்குக் காரணம் எல்லோரும் ஒரே காட்சியை எழுதுவது: பேராசைக்கார மாமி, கண்ணீர் வடிக்கும் தகப்பன், ஏறாத தாலி. உண்மையில் இன்றைய கல்யாணப் பேச்சுக்கால் மிகுந்த நாகரிகத்தோடு நடக்கிறது. "நாங்கள் ஒண்டும் கேக்கயில்லை, உங்கடை பிள்ளைக்கு நீங்கள் செய்யிறதுதானே" என்பார்கள். சீதனம் வேறு, மாப்பிள்ளை வீட்டாருக்குக் கையில் கொடுக்கும் 'டொனேசன்' வேறு என்று கணக்குத் தெளிவாக இருக்கும். இந்த நாகரிகத்தை எழுதுங்கள்.

இன்னொன்று, கல்யாணத்தோடு கதையை முடிக்காதீர்கள். யாழ்ப்பாணத் தமிழருக்குரிய தேசவழமையை ஒல்லாந்தர் 1707இல் தொகுத்தார்கள். அதன் தொடர்ச்சியாக வந்த 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி, மணமான பெண் தன் பெயரில் இருக்கும் காணியையோ வீட்டையோ விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. அவர் தர மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். கணவன் தன் காணியை விற்க மனைவியின் சம்மதம் தேவையில்லை. இப்போது ஒரு பாத்திரத்தை வையுங்கள்: கொழும்புக் கோட்டையில் ஒரு வங்கியில் கோடிக்கணக்கான கடன்களுக்கு ஒப்பமிடும் அதிகாரி. பத்து ஆண்டுகளாகக் கணவனோடு பேச்சுவார்த்தை இல்லை. தாய் சீதனமாக எழுதிக்கொடுத்த நாலு பரப்புக் காணியை விற்று மகனைப் படிப்பிக்க நினைக்கிறாள். உறுதி எழுதும் நொத்தாரிசு, மேசைமேல் கடதாசியை வைத்து, "உங்கடை மிஸ்டரின்ரை கையெழுத்து?" என்று கேட்கிறார். இதை இன்னும் ஒருவரும் எழுதிக்கொண்டு வரவில்லை.

அப்படியானால் மரபு முழுவதும் கெட்டது என்கிறீர்களா?

இல்லை. ஆடிவேல் விழா ஊர்வலம் கொழும்புச் செட்டியார் தெருவிலிருந்து புறப்படும்போது நானும் வீதியில் நிற்கிறேன். அம்மா இறந்தபோது அந்தியேட்டி வரை அந்த முப்பத்தொரு நாளும் யாராவது வீட்டுக்கு வந்துகொண்டிருந்ததுதான் எங்களைத் தாங்கிற்று. எழுத்தாளருக்கு இந்த அனுபவம் இல்லாவிட்டால் கதை ஒற்றைக்காலில் நிற்கும். ஒரு சடங்கில் சனங்கள் எதைப் பெறுகிறார்கள் என்று தெரியாதவர், அதை ஏன் விட முடியவில்லை என்பதையும் எழுத முடியாது. அதே அந்தியேட்டி வீட்டில்தான் பந்தியில் யார் எங்கே இருப்பது என்பதும் தீர்மானமாகிறது. இரண்டையும் ஒரே முற்றத்தில் காட்டவேண்டும்.

கடைசியில் யாராவது எதிர்த்து எழும்ப வேண்டாமா? நம்பிக்கை தர வேண்டாமா?

எழும்பலாம், அந்தப் பாத்திரத்துக்கு அதற்கான காரணம் முதற்பக்கத்திலிருந்தே இருந்தால். பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், பத்துப் பக்கம் வாய் திறக்காத மருமகள் கடைசிப் பக்கத்தில் பாரதியார் பாட்டைச் சொல்லித் தாலியைக் கழற்றி வைக்கிறாள். கைதட்டல் கிடைக்கும். அதற்குப் பிறகு அவள் எங்கே போய்த் தங்குவாள், வாடகைக்கு வீடு தருபவர் என்ன கேள்வி கேட்பார் என்று எழுதினால் அது வேறு கதை, நல்ல கதை. இமையத்தின் 'பெத்தவன்' எதிர்ப்பைக் காட்டுகிறது. சாதி மாறிக் காதலித்த மகளைக் கொல்லும்படி ஊர்ப் பஞ்சாயத்து தகப்பனுக்குச் சொல்கிறது. தகப்பன் என்ன செய்கிறான் என்பதை இங்கே சொல்லமாட்டேன். அது புரட்சிப் பேச்சு இல்லாமல், இரவில், பயத்தோடு நடக்கிறது.

பேச்சுத்தமிழில் எழுதுவதா?

உரையாடலை ஆம். கொட்டாஞ்சேனைக்காரர் வெள்ளவத்தைக்காரர் மாதிரிக் கதைக்கமாட்டார், அதைக் கவனியுங்கள்.

வேறொரு சமூகத்தின் வழக்கத்தை எழுதலாமா?

எழுதலாம், ஆனால் முதலில் உங்கள் வீட்டைப் பற்றி ஒரு கதை எழுதியிருக்கிறீர்களா என்று கேட்பேன். எங்கள் வட்டத்துக்கு வரும் ஒரு முஸ்லிம் தோழி, 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தின் கீழ் மணப்பெண்ணின் கையெழுத்து இல்லாமலே, பாதுகாவலரின் ஒப்பத்தோடு விவாகம் பதிவாவதை வைத்துக் கதை எழுதினார். மாப்பிள்ளையும் வாப்பாவும் கையெழுத்திடும் பேனையைப் பெண் அறைக்குள்ளிருந்து தேடி எடுத்துக் கொடுக்கிறாள். அந்தப் பேனை வெளியிலிருந்து போகிற ஒருவருக்குக் கண்ணில் படாது. அதைவிட, நாங்கள் அதை எழுதினால், "பார், அவர்களுடைய சமயம் இப்படி" என்று கைதட்டுவதற்கு ஒரு கூட்டம் காத்திருக்கிறது. அந்தக் கைதட்டலுக்காக எழுதுவதற்கும் கொடுமையைப் பற்றி எழுதுவதற்கும் உள்ள தூரத்தை அவரவர் அளந்துகொள்ள வேண்டும்.

கதை எழுதி வம்பில் மாட்டினால்?

பயம் வெறும் கற்பனை இல்லை. சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார, பௌத்த துறவிகளைப் பற்றிய 'அர்த' என்ற சிறுகதையை முகநூலில் போட்டதற்காக 2019 ஏப்ரலில் கைதுசெய்யப்பட்டார். அதுவும் மனித உரிமை சமவாயத்தை நடைமுறைப்படுத்தவென்று 2007இல் கொண்டுவரப்பட்ட சட்டத்தின் கீழ். ஆகஸ்டில்தான் பிணை கிடைத்தது. 2021இல் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். தமிழ்நாட்டில் பெருமாள்முருகன், 'மாதொருபாகன்' நாவலுக்கு எழுந்த எதிர்ப்பால் 2015 ஜனவரியில் எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அறிவித்தார். அடுத்த ஆண்டு ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்த பிறகே மீண்டார். ஆகவே, உண்மையான கோயில் பெயர், உண்மையான குடும்பப் பெயர், அடையாளம் காணக்கூடிய ஆள் மூன்றையும் கதையிலிருந்து எடுத்துவிடுங்கள். இது கோழைத்தனம் என்று வட்டத்தில் ஒருவர் சண்டை பிடிப்பார். பெயரை எடுத்ததால் கெட்டுப்போன கதை ஒன்றை அவர் இதுவரை காட்டவில்லை.

வீட்டாருக்கு என் கதை பிடிக்கவில்லை. என்ன செய்வது?

ஜாக்சனின் தாய், அப்பாவுக்கும் தனக்கும் அந்தக் கதை துப்புரவாகப் பிடிக்கவில்லை என்று மகளுக்கே எழுதினார். அந்தக் கோடையில் வந்த முந்நூற்றுச் சொச்சக் கடிதங்களில் அன்பாகப் பேசியவை பதின்மூன்றுதான் என்றும், அவையும் பெரும்பாலும் நண்பர்களுடையவை என்றும் ஜாக்சன் பின்னர் சொன்னார். சிலர் அந்தச் சீட்டிழுப்பு எந்த ஊரில் நடக்கிறது, போய்ப் பார்க்கலாமா என்றும் கேட்டார்களாம். உங்கள் பெரியம்மா "இது எங்கடை வீட்டைப் பற்றித்தானே?" என்று கேட்டால், கதை சரியாக வந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு அடுத்ததை எழுதுங்கள்.

புத்தகங்கள் எங்கே கிடைக்கும்?

ஈழத்துப் பழைய தொகுதிகள் பல அச்சில் இல்லை. நூலகம் என்ற எண்ணிம நூலகத்தில் 'மல்லிகை' இதழ்களும் பல சிறுகதைத் தொகுதிகளும் இலவசமாக இருக்கின்றன. கையில் பிடித்து வாசிக்க விரும்புவோர் வெள்ளவத்தை 57ஆவது ஒழுங்கையிலுள்ள கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்துக்குப் போகலாம். அடுத்த கூட்டத்துக்கு வருபவர்கள் 'சாபவிமோசன'த்தை வாசித்துவிட்டு வாருங்கள். வாசிக்காமல் வந்து அகலிகை செய்தது சரியா பிழையா என்று விவாதிப்பவர்களுக்குப் பிளேன்ரீ மட்டும்தான், பிஸ்கட் இல்லை.